ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

"கதவை நல்லா சாத்திக்கோ," என்றபடி, தோட்டக் குழாயை மனைவியின் முகத்துக்கு நேராகக் குறிபார்த்தார் அவர்.

பதற வேண்டாம். நடுவில் கார் கண்ணாடி இருந்தது. டார்ச், சாக்பீஸ், ஒரு பாட்டில் தண்ணீர் சகிதம் அவள் அந்தப் பழைய காருக்குள் உட்கார்ந்திருந்தாள். மடக்குகிற துணிக் கூரையை இழுத்து மூடிவிட்டு, ஞாயிறுதோறும் அவர் வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார். எங்கே ஒழுகுகிறது என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

ஒழுகல் நின்றதும் இந்தத் தகரத்தை விற்றுவிட வேண்டும் என்று அவள் வாக்கு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒழுகல்தான் நின்றபாடில்லை. எப்படி நிற்கும்? சனிக்கிழமை முழுக்க மாங்கு மாங்கென்று ரப்பர் ஒட்டுகிற மனிதர், கண்ணாடி ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் ஒட்டாமல் விட்டுவிடுவார். கார் இல்லாத ஷெட்டை நினைத்துப் பார்க்கவே அவருக்கு மனசு வரவில்லை.

ஆனால் போன ஞாயிறு நனைந்ததில் அவள் நாலு நாள் தும்மினாள். ஒவ்வொரு தும்மலும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, புது ரப்பரை இண்டு இடுக்கு விடாமல் ஒட்டி முடித்தார். அதற்குப் பிறகு சாப்பாட்டில் கை வைக்கவில்லை. தலைவலி என்று சமாளித்தார்.

இன்று காரை வாங்க வந்த பல் டாக்டர் பக்கத்திலேயே நின்றார். "ஒழுகலைன்னா இப்பவே ஓட்டிட்டுப் போயிடறேன் சார்."

அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் இன்னும் பானெட்டைக்கூடத் தாண்டவில்லை.

"ஐயோ, கொட்டுதுங்க! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

கதவைத் திறந்து இறங்கியவள் தலையோடு தொப்பலாக நனைந்திருந்தாள். பல் டாக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

"குடை பிடிச்சுக்கிட்டுக் கார் ஓட்ட எனக்கு வராது சார்," என்று கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

கணவருக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவே பெரும்பாடாகிவிட்டது. ஆனாலும் மண்டை குடைந்தது. உள்ளே தலையை விட்டு ரப்பர் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை.

"நேத்து ஒரு இடம் விடாம ஒட்டினேனே! எங்கேருந்து ஒழுகுச்சு?"

அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எட்டு மாசமா நீங்க ஒழுக விட்டீங்க, நான் வாயைத் திறந்தேனா? இன்னிக்கு ஒரு நாள் நானே ஊத்திக்கிட்டேன், விடுங்க!"