சுவருக்கு அந்தப் பக்கத்துச் சூடு

காங்கேயத்தில் எந்த ஆலையின் மிச்சச் சூடு எந்த ஆலைக்கு உதவும் என்று பொருத்தம் பார்த்து, குழாயும் போட்டுக் கொடுப்பது பசுமைத் துணை மையம். கௌசிகாவின் அரிசி ஆலைச் சூட்டை, சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் தம்பி பிரணவுக்கு அது முடித்துவைத்தது. சொத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவரும் பேசுவதில்லை என்பது மையத்துக்குத் தெரியாது. தினமும் விடிந்ததும் குழாய் சுடும். அக்கா எழுந்துவிட்டாள் என்று பிரணவ் நினைத்துக்கொள்வான்.

இன்று குழாய் சில்லென்று இருந்தது. மையத்தைக் கூப்பிட்டான்.

"பழுது எதுவும் இல்லைங்க சார். அந்தப் பக்கம் வால்வை மூடியிருக்காங்க. வேற ஆலையிலிருந்து சூடு ஏற்பாடு பண்ணட்டுங்களா?"

"சூடு கெடக்கட்டுங்க. அக்காவுக்கு என்னாச்சு?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க."

செருப்புகூடப் போடாமல் ஓடினான். கொதிகலன் அருகே கௌசிகா நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும், மூடிவைத்த தட்டும் இருந்தன.

"என்ற தப்புதான்டா, இத்தன நாளா இந்த வால்வத் தொறந்து வெச்சது," என்றாள். "மூடுனாத்தான் வருவியாக்கும். உக்காரு."

"வால்வு, அக்கா..."

"நீ சாப்பிட்டு முடி. அப்பறம் தொறக்கலாம்."