அவளுக்காக ஒரு பிரார்த்தனை

எழுந்து நின்றால்தான் என்ன, நான் தினமும் கும்பிடுகிறவள்தானே என்று நினைக்கிறாள் அம்மா. காலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை அவள் மடியில் போட்டிருக்கிறது. அரசுப் பள்ளியின் அரங்கம் நிறையப் பிள்ளைகள் கண்மூடி நிற்கிறார்கள். மேடையில் மகளின் படம். போன வாரம் காய்ச்சலில் போய்விட்டாள். காலைப் பிரார்த்தனைக்கு எழமாட்டேன் என்றதற்காக இதே அரங்கத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள். யாரையும் வணங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப் பள்ளிக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று, “மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதம்மா, சாமி மேலயா கேஸ் போட்டேன், ஸ்கூல் மேலதானே” என்று அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினாள். அந்த இடம் இப்போதும் சுடுகிறது. பக்கத்தில் அப்பா எழுந்து, முன்நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு குலுங்குகிறார். தலைமையாசிரியை குனிந்து அம்மாவின் தோளைத் தொடுகிறார். அவர் கண்களும் அழுது சிவந்திருக்கின்றன.

“எந்திரிங்கம்மா. உங்க பொண்ணுக்காகத்தானே எல்லாரும் வேண்டிக்கிறோம். பெத்தவங்க நீங்களே உக்காந்திருந்தா எப்படி?”

அம்மா அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொள்கிறாள்.

“நீங்க வேண்டிக்கோங்க டீச்சர். நான் வீட்ல போய்க் கும்பிட்டுக்கறேன். இங்க அவளை மாதிரியே உக்காந்துட்டுப் போறேன்.”