இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

"ஆட்சேபனைன்னு ஒண்ணும் வரலை. அதனால குப்பை பிரிக்கும் நிலையத்தை விரிவாக்குற திட்டம் நிறைவேறுது" என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நகராட்சி அதிகாரி பேனாவைத் திறந்ததும், குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே சுட்டது.

"வரலையா? போன வாரம் என் கையாலதானே சார் கொடுத்தேன். இருநூத்திப் பன்னிரண்டு கையெழுத்து. தெருத் தெருவா நடந்து முட்டி தேஞ்சு வாங்கினது."

"கொடுத்ததுக்கு ரசீது இருக்கா?"

இல்லை. ஊருக்கெல்லாம் 'எதுக்கும் ரசீது வாங்கு' என்று புத்தி சொல்கிற மனிதர், அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தாரே என்ற பூரிப்பில் வெறுங்கையோடு வந்துவிட்டார்.

"ரசீது இல்லேன்னா வரலைன்னுதான் அர்த்தம்."

நிலையத்தின் மதிலிலிருந்து நாலாவது வீடு செயலாளருடையது. இப்போது வருகிற லாரிக்கே சன்னலைத் திறக்க முடியவில்லை. விரிவாக்கினால் லாரி இரண்டு மடங்கு. அவர் வீட்டுக் குப்பையும் அதே லாரியில்தான் போகிறது என்பதை மட்டும் அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நிலையத்தில் குப்பை பிரிக்கிற பெண்களின் மேஸ்திரியம்மா.

"போச்சு" என்று பக்கத்திலிருந்த மருந்துக் கடைக்காரரின் காதைக் கடித்தார் செயலாளர். "விரிவாக்கினா இந்தம்மாவையும் சேர்த்துப் பதினாலு பேருக்கு வேலை நிரந்தரமாம். பதினோரு வருஷமா தினக்கூலி. எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு வந்து நிக்குது பாருங்க."

"உங்களுக்கு நாத்தம், அவங்களுக்குச் சோறு. விடுங்க" என்றார் கடைக்காரர்.

மேஸ்திரியம்மா முன்னால் வந்து ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் வைத்தார். டீக்கறை ஏறி, வெயிலில் காய்ந்து, சருகாக மொடமொடத்தது.

"என்னம்மா இது?"

"செவ்வாக்கிழமை உங்க ஆபீஸ் மூட்டையில வந்தது சார். டீத்தூளு, பழத்தோலு, இது, எல்லாம் ஒரே மூட்டை. பிரிச்சுப் போடுங்கன்னு ஊருக்கே சொல்றீங்க, நீங்க மட்டும் பிரிக்க மாட்டேங்கறீங்க."

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "யாராவது மேசையைச் சுத்தம் பண்றப்போ..." என்று இழுத்தார்.

செயலாளர் பாய்ந்து போய்ப் புரட்டினார். ஒரு தாள் குறையவில்லை. முதல் கையெழுத்தே அவருடையது.

அதிகாரி பேனாவை மூடினார். "இத்தனை பேர் ஆட்சேபிச்சா விசாரணை வெச்சுத்தான் ஆகணும். அதுவரைக்கும் திட்டம் நிக்கும். ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

பின்வரிசையில் பதிமூன்று முகமும் தொங்கிப் போனது. அதில் ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்: "உனக்கேன்க்கா இந்த வேலை? பழைய பேப்பரோட சேர்த்துக் கட்டியிருந்தா இந்நேரம் மில்லுல கூழாகியிருக்கும். நாமளும் நிரந்தரமாகியிருப்போம்."

செயலாளருக்கும் அதே சந்தேகம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கொண்டு வந்துட்டீங்களா?"

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். என் பொண்ணைப் படிக்கச் சொன்னேன். ரெண்டு தடவை."

"படிச்சதுக்கு அப்புறமுமா?"

"அதுக்கு அப்புறம்தான் சார் காய வெச்சேன்."

மேஸ்திரியம்மா குனிந்து, செயலாளர் தன் கைப்பட எழுதியிருந்த மனுவில் மூன்றாவது வரியின் மேல் விரலை வைத்தார். 'இங்கு வேலை செய்வோர் எதையும் பார்த்துப் பிரிப்பதில்லை. வந்ததை வந்தபடியே அள்ளி அனுப்பிவிடுகிறார்கள்.'

"நாத்தம், லாரிச் சத்தம் எல்லாம் நெசந்தான் சார். இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுட்டுக் கொடுங்க."