கம்ப்யூட்டருக்குப் புது ஒயர்

"பன்னெண்டாயிரமா! கம்ப்யூட்டர் ஒயரை மாத்தினா பாட்டு எப்படி நன்னாயிடும் அத்திம்பேர்?" மாட்டுங்கா ஃப்ளாட்டே அதிரும்படி சிரித்தான் சாய்நாத்.

"உங்க அக்காவையே கேட்டுடலாம்," என்றார் சுந்தரராமன்.

ருக்குவின் கண்களைத் துண்டால் கட்டினார்கள். சுந்தரராமன் பழைய ஒயரையும் புது ஒயரையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாட்டுப் போட்டார். எது எந்த ஒயர் என்று ஒவ்வொரு தடவையும் ருக்கு சரியாகச் சொன்னாள்.

சாய்நாத்தின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஜெயித்த களிப்பில் சுந்தரராமன் தானே காபி போட உள்ளே போனார்.

"நெஜமாவே வித்தியாசம் தெரியறதாக்கா? நானும் ஒண்ணு வாங்கிடட்டுமா?"

"பேஷா வாங்கு. பழைய ஒயர்னா இவரும் கூடவே பாடுவார். புதுசுன்னா வாயை மூடிண்டு கேக்கறார். அந்த நிம்மதிக்குப் பன்னெண்டாயிரம் ரொம்ப சஸ்தாடா!"