ஒரு டஜன் சாம்பிள்

"வந்துட்டாரும்மா, ஓசி மெழுகுதிரி!" என்று திரி கோத்தபடியே முணுமுணுத்தாள் வியாகுலம்மாள்.

பாலக்கரையில் லூர்துராணி நடத்தும் மெழுகுவர்த்திப் பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தினார் வீரராகவன். தொழில் ஆபீஸ் இன்ஸ்பெக்டர். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் பளிச்சென்று திருமண். மூன்று மாதமாக இதே கதைதான். வருவார், மெழுகை எடை போடுவார், எழுதிக்கொள்வார், கிளம்பும்போது ஒரு டஜன் மெழுகுவர்த்தி கேட்பார்.

"சாம்பிள்" என்பார். சாம்பிளுக்கு ஒன்று போதாதோ? அதைக் கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

அது எண்பத்திரண்டாம் வருஷம். மெழுகை அரசாங்கம்தான் கோட்டா போட்டு மாதா மாதம் அளந்து கொடுக்கும். லூர்துராணிக்குக் கிடைத்த இருநூறு கிலோ பத்தே நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் பன்னிரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்நூறு கிலோ கேட்டு அவள் போட்ட மனுவை வீரராகவன் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு தடவை, கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டதாம்!

"கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்" என்றாள் லூர்துராணி. "இந்த மாசக் கோட்டா கமிட்டியிலயும் கிடைக்கலைன்னா பட்டறையைத் தூக்கிக்கிட்டுப் பாண்டிச்சேரிக்கே போயிடுவேன். எங்க அண்ணன் கிளமென்ட் அங்க ஷெட் பார்த்து வச்சிருக்காரு."

"நான் பார்க்கறதுக்கு என்ன இருக்கு? ரூல்னா ரூல்." நோட்டை மூடினார். "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கமிட்டி. நேர்ல வந்துடுங்கோ. ஒரு டஜன் சாம்பிள் குடுங்கோ. அப்படியே ஒரு தீப்பெட்டியும்."

அவர் தலை மறைந்ததும் வியாகுலம்மாள் பொரிந்து தள்ளினாள்.

"இப்ப தீப்பெட்டியும் ஓசியா? பெருமாள் கோயில்ல மெழுகுதிரியா ஏத்துறாங்க?"

"விடுங்கக்கா. நாளையோட முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுதும்மா. எங்க வீட்டுக்காரருக்குப் பொன்மலையில வேலை. நான் எப்படிப் பாண்டிச்சேரிக்கு வர்றது? இவளுங்க எல்லாம் எங்க போவாளுங்க?"

லூர்துராணி மனுவின் நகலை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. ஆபீஸ் ஹாலில் ஜன்னல்களையெல்லாம் இறுக அடைத்திருந்தார்கள். மேஜையைச் சுற்றி ஐந்து அதிகாரிகள். மொத்தம் பன்னிரண்டு மனுக்கள். அவளுடையதுதான் முதல்.

"மெழுகுவர்த்தியா?" கமிட்டித் தலைவர் ஃபைலைப் பிரிக்கக்கூட இல்லை. "கிறிஸ்துமஸுக்கு நாலு விக்கும், கல்லறைத் திருநாளுக்கு நாலு விக்கும். அதுக்கு ஐந்நூறு கிலோவா? மீதி மெழுகு பிளாக்லதான் போகும். வீரராகவன், நீங்க என்ன சொல்றீங்க?"

"மனு ரூல்படி சரியா இருக்கு சார்."

"வேற?"

"வேற நான் சொல்லக் கூடாது சார். ஒரு பேப்பர் எடுத்துண்டு வந்துடறேன்" என்று வெளியே போய்விட்டார்.

லூர்துராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதம் தவறாமல் டஜன் டஜனாகக் கேட்ட வாய், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் சுளுக்கிக்கொள்ளுமா?

தலைவர் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கும்மிருட்டு.

"சனியன்! இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றார் ஒரு அதிகாரி.

"வேண்டாம் சார். இதோ" என்று வாசலிலிருந்து வீரராகவனின் குரல் கேட்டது. தீக்குச்சி உரசும் சத்தம். கையில் மெழுகுவர்த்தியோடு உள்ளே வந்தவர், மூலையில் இருந்த பீரோவைத் திறந்தார். மூன்று மாதமாக அவர் கேட்டு வாங்கியதெல்லாம் அங்கே இருந்தது. கையில் எரிவதைத் தவிர ஒன்று குறையவில்லை. ஒவ்வொரு டஜன் மேலும் தேதி எழுதிய சீட்டு.

லூர்துராணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி முன்னால் எரிய, அவள் மனுவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு மற்றப் பதினொன்றையும் பார்த்து முடித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு ஃபைலிலும் ஒரு சொட்டு மெழுகு விழவில்லை.

"நல்லா நின்னு எரியுதே! எந்த ஊர்ச் சரக்கு?" என்றார் தலைவர்.

லூர்துராணி எழுந்தாள்.

"பாலக்கரைச் சரக்கு சார். எங்களுதுதான். கிறிஸ்துமஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார் வருது. கரண்ட் கட்டு தெனமும் வருது. மலைக்கோட்டைக் கடைக்காரங்க எல்லாரும் கேக்குறாங்க. செய்யறதுக்குப் பன்னிரண்டு பேர் இருக்காங்க. மெழுகுதான் இல்லை."

ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் ஓரத்தில் கிடந்த ஃபைலை இழுத்து, "ஐந்நூறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரிகள் கிளம்பினார்கள். எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்வதற்காக வராந்தாவுக்கு வந்தாள் லூர்துராணி. மழை விட்டிருந்தது. எதிர் டீக்கடையில் டியூப்லைட் பளீரென்று எரிந்தது.

"என்ன சார், எதிர்க் கடையில லைட் எரியுதே! நமக்கு மட்டுமா கரண்ட் போச்சு?"

வீரராகவன் ஒரு ஸ்டூலை இழுத்துச் சுவரில் இருந்த மெயின் பெட்டிக்குக் கீழே போட்டு ஏறினார். பேண்ட் பாக்கெட்டிலிருந்து வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை ஒன்றை வெளியே எடுத்தார்.

"அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கோ. கவர்மென்ட் சொத்து, எடுத்த எடத்துலேயே வைக்கணும். ரூல்னா ரூல்!"