ஈறோரம்

சிரிப்பு வந்தால் தேன்மொழியின் கை தானாக வாய்க்குப் போய்விடும். ஈறு வீங்கி ரத்தம் கசிவதைக் கணவன்கூடப் பார்த்துவிடக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாயோடு நினைவில்லாமல் கிடந்தபோது அந்தக் கை எழவில்லை. செவிலியர் ஸ்டெல்லா, மருந்தில் நனைத்த துணியைக் கணவன் நவநீதனின் விரலில் சுற்றிவிட்டாள்.

"ஈறோரமா தொடைங்க சார். எதுவும் தங்கக் கூடாது. வாய்க் கிருமி நெஞ்சுக்குள்ள எறங்கிட்டா அப்புறம் கஷ்டம்."

பார்வை நேரம் முழுவதும் அவன் துடைத்தான்.

"வீட்ல ஒரு டம்ளராவது கழுவிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

ஸ்டெல்லா சிரித்தாள். தேன்மொழிக்குக் கேட்டிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

அப்படியும் அவள் நெஞ்சில் சளி கட்டியது.

சுடுகாட்டில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் வாயில் அரிசி போட்டார்கள். நவநீதனின் முறை வந்தது. குனிந்தவன் அரிசியைப் போடவில்லை. கைக்குட்டையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, விரலில் சுற்றி, ஈறோரம் ஒட்டியிருந்த அரிசியை மணி மணியாகத் துடைத்தெடுக்கத் தொடங்கினான்.

"என்ன மாப்ள பண்றீங்க?" அவளுடைய சித்தப்பா தோளைப் பிடித்தார்.

"எதுவும் தங்கக் கூடாது மாமா. நெஞ்சுக்குள்ள எறங்கிரும்."

"விடுங்க மாப்ள. இன்னும் ஆளுங்க போடணும்ல."

துடைத்து முடித்ததும் அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் அரிசிக் கையோடு நின்றிருந்தார்கள்.