மீசைக்கு வந்த சோதனை

"என் பேருதான் முதல்ல வரணும். இல்லைன்னா என் மீசை போயிடும்மா," என்று சொல்லிக்கொண்டே அந்தோணிசாமி நண்டுக் கூடையை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தஸ்லீமா கால்களைத் தூக்கிக்கொண்டாள். பழவேற்காடு பஜாரில் மாடி அறை ஒன்றைப் பிடித்து, வெப்சைட் செய்து தரும் தொழிலை அவள் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்த முதல் வேலை இது. ஏழு படகுக்காரர்கள் சேர்ந்து, சென்னைக்காரர்களுக்கு நண்டும் இறாலும் நேரடியாக விற்க ஒரு வெப்சைட் கேட்டார்கள். படம், விலை, போன் நம்பர் எல்லாம் ஒரே வாரத்தில் தயார். யார் பெயர் முதலில் என்ற ஒரே கேள்வியில் வேலை மூன்று மாதமாகத் தரைதட்டி நிற்கிறது.

"மீசைக்கும் வெப்சைட்டுக்கும் இன்னாண்ணே சம்பந்தம்?"

"மீன் ஏலக்கூடத்துல வாய விட்டுட்டேன். என் பேரு முதல்ல வரலைன்னா மீசைய வழிச்சிடறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எதிர்ல நின்னது யாரு? என் பொண்டாட்டி தம்பி ஜோஷ்வா. அவன் பேரு மேல வந்துச்சுன்னா ரோஸ்மேரி ஆயுசுக்கும் குத்திக் காட்டுவா."

"போன தடவை, அகர வரிசையில போட்டுடுன்னீங்க."

"ஞாயமாத்தானே சொன்னேன்."

"உங்க பேருதான் அகரத்துல ஆரம்பிக்குது. ஜோஷ்வா அண்ணன் வயசுல சின்னவங்க முதல்லன்றாரு. சுப்பன் அண்ணன் படகு நீளத்தை அளந்து போடுன்றாரு. நான் யாரு பேச்சைக் கேக்கறது?"

அந்தோணிசாமி மீசையைத் தடவிக்கொண்டார். கல்யாணத்துக்கு முந்தின வருடம் வைத்தது. அது இல்லாமல் தன் முகம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. மனிதருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

தஸ்லீமா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "சரிண்ணே. ஞாயித்துக்கிழமை உங்க போன்ல பாருங்க, உங்க பேரு மேல இருக்கும். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. விட்டீங்கன்னா எடுத்துடுவேன்."

"மாதா மேல சத்தியம்."

"நண்டு வேணாண்ணே, எடுத்துட்டுப் போங்க."

அது காதில் விழாதவர்போல் அவர் படியிறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் ஏலக்கூடத்தில் கூடினார்கள். அவரவர் போன் நம்பரைப் போட்டு உள்ளே போகச் சொன்னாள் தஸ்லீமா. அந்தோணிசாமி தன் நம்பரைப் போட்டார். வெப்சைட் திறந்தது. முதலில் அவர் பெயர். பக்கத்திலேயே மீசையோடு அவர் படம்.

எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. சத்தியம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தால், ஜோஷ்வா தன் போனைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான். தோற்றுப்போன வெட்கத்தை மறைக்கிறான் என்று நினைத்தார்.

ஜோஷ்வா மெல்லப் பக்கத்தில் வந்தான். "மாமா, அந்த மீசை பேச்சை மறந்துடுங்க. நான் கேக்க மாட்டேன்."

சுப்பனும் வந்து தோளைத் தட்டினார். "மீசை அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும், வுடுப்பா."

ஜெயித்தவனுக்கு எதற்கு ஆறுதல் என்று அந்தோணிசாமிக்கு விளங்கவில்லை. தோற்றவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அவர் போன் ஓயவில்லை. ஒன்பது ஆர்டர். ரோஸ்மேரியே கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு போன்கூட இல்லை. புதனும் அப்படியே. வியாழக்கிழமை அவருக்குச் சந்தேகம் வந்தது. பெயரை எடுத்துவிட்டாளோ? பார்க்கலாம் என்றால் போனில் சார்ஜ் இல்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஜோஷ்வாவிடம் போனைக் கேட்டார். அவன் கொடுக்கத் தயங்கினான். இவரே பிடுங்கித் திறந்தார்.

முதலில் ஜோஷ்வாவின் பெயர்.

அடுத்த அரைமணி நேரத்தில் தஸ்லீமாவின் மாடியில் மூச்சிரைக்க நின்றார். "ஏம்மா, என் மானத்தை வாங்கிட்டியே. அவன் போன்ல அவன் பேரு மேல இருக்குது."

"உங்க போன்ல?"

"ஞாயித்துக்கிழமை பாத்தப்ப என் பேருதான்."

"அவ்ளோதாண்ணே. அவங்கவங்க நம்பரைப் போட்டு உள்ள போனா அவங்கவங்க பேரு முதல்ல வரும்."

"அப்போ வாங்கறவங்களுக்கு?"

"ஏரியில வலை போட பாடு முறை வச்சிருக்கீங்கல்ல, இன்னிக்கு ஒருத்தரு, நாளைக்கு ஒருத்தருன்னு? அதையேதான் வச்சேன். ஏழு பேரு, ஏழு நாளு. உங்களுக்குத் திங்கக்கிழமை. முதல் நாளே இதைச் சொன்னேன். ஏரி வேற, இன்டர்நெட் வேறன்னு ஏழு பேரும் கத்தினீங்க."

அந்தோணிசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது ஆர்டர் ஞாபகம் வந்தது. கூடவே மீசையும் ஞாபகம் வந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் அது முகத்தில் நிற்காது. ஆனால், குப்பத்திலேயே இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ளயே இருக்கட்டும்மா. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். பாவம், மனசு ஒடிஞ்சிடுவாங்க."

தஸ்லீமா மேஜைக்கு அடியில் கையைக் காட்டினாள். ஆறு நண்டுக் கூடைகள் வரிசையாக இருந்தன.

"நேத்து சாயங்காலத்துக்குள்ள மத்த ஆறு பேரும் வந்து இதையேதாண்ணே சொல்லிட்டுப் போனாங்க."